ஆறாம் வார்டில் கமிஷன்

ஆறாம் வார்டில் ஒரே மாதத்தில் பதினோரு பேர் செத்தார்கள். இருபது கட்டிலுக்கு இடமுள்ள அறையில் ஐம்பது பேரை அடைத்ததுதான் காரணம் என்று, அந்த வார்டு நர்ஸான நான் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தேன். ஒருவழியாக விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள்.

கமிஷன் உட்கார இடம் வேண்டுமே! என் புகாரில் முதல் பெயரே சூப்பரிண்டெண்டுடையது. அவரோ மருமகனை வரவேற்கிற மாமனார் மாதிரி ஓடியாடி ஏற்பாடு செய்தார்.

"ஆறாம் வார்டையே ஒழிச்சுக் குடுத்துடலாம். நோயாளிங்களை வராந்தாவுல படுக்க வைங்க."

கட்டில்கள் வெளியே போயின. மேஜையும் நாற்காலியும் உள்ளே வந்தன. சுவருக்கு வெள்ளைகூட அடித்தார்கள்.

முதல் நாள், வராந்தாவில் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி நீதிபதி உள்ளே வந்தார். நாலாபக்கமும் பார்த்துவிட்டு, தட்டச்சு செய்பவரிடம் சொன்னார்: "முதல் குறிப்பு எழுதிக்கோங்க. அறை நல்ல விசாலம். நெருக்கடின்னு சொல்ல ஒண்ணுமில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, இந்த அறையில இருந்தவங்கள்லாம்..." என்று எழுந்தேன்.

அவர் கையமர்த்தினார். "சொல்லலாம்மா, சொல்லலாம். வெளியில யாரோ இருமிக்கிட்டே இருக்காங்க, முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொல்றது என் காதுல விழ வேண்டாமா?"