கிணற்றடி லாவெண்டர்

மேலகரம் மகாஜனங்கள் அனைவரும் அறிந்து பெருமைப்பட வேண்டிய ஒரு தீர்மானம் 1958 சித்திரையில் நிறைவேறியது. ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம், சீமையில் பூக்கிற லாவெண்டரைத் தம் வீட்டுப் புறவாசலில் பூக்க வைப்பதென்று முடிவு செய்தார். காப்பிக்கடையிலும் வாசகசாலையிலும் குற்றாலம் போகிற பஸ்ஸிலும் இதை அறிவித்தார். செடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரின் கைக்குட்டையில் அடித்த வாசனைதான்.

ஊட்டியிலிருந்து பன்னிரண்டு கன்றுகள் ஈரச்சாக்கில் வந்து இறங்கின. அவற்றுக்கு அவர் ஒதுக்கிய இடம் கிணற்றடி. அங்கே ஏற்கெனவே ஒரு நொச்சி நின்றது. அவர் மனைவி முத்துவடிவு சாயங்காலந்தோறும் அதன் இலையை வெந்நீரில் போட்டு முழங்காலில் ஊற்றிக்கொள்வாள். ஊற்றினால்தான் மறுநாள் எழுந்து அடுப்படிக்கு வர முடியும்.

“நொச்சிய வெட்டச் சொல்லிட்டியளாமே?”

“சீமைச் செடிக்குச் சீமைக் குளிரு வேணும்ட்டி. மலையிலருந்து வார சாரல் நேரா கிணத்தடியிலதான் விழுது. லண்டன்லயும் இப்படித்தான் தூறுமாம். ஒரு தடவ நட்டாப் போதும், வருஷக்கணக்கா நிக்கும். தலைவலிக்கு ஆகும். துணிப்பெட்டியில போட்டாப் பூச்சி வராது. கொசு அண்டாது.”

“இதெல்லாம் நொச்சியே செய்யுதே.”

“அது நொச்சிட்டி. இது லாவெண்டர்.”

“என் முட்டுக்கு?”

“தைலம் வாங்கித் தாரேன்.”

அவர் வாங்கித் தருவதாகச் சொன்னவற்றில் இது எத்தனையாவது என்று எண்ணத் தெம்பில்லாமல் முத்துவடிவு உள்ளே போனாள்.

வெட்ட வந்த பிச்சையா ஒரு கன்றின் இலையைத் தடவிப் பார்த்தார். “அய்யா, இலையெல்லாம் சாம்பல் நெறமா, மயிரு மயிரா இருக்கு. காயுத எடத்துச் செடி மாதிரில்லா தெரியுது. தண்ணி நின்னா அழுகிரும்.”

“ஏலே, நீ லண்டன் பாத்திருக்கியா?”

“இல்லய்யா.”

“பின்ன?”

வல்லிநாயகமும் பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருஷம் கேள்வி கேட்கிற பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்.

நொச்சி விழுந்தது. அடிக்கட்டையைத் தோண்டக் கடப்பாரை இல்லை என்றார் பிச்சையா. கடப்பாரை பிச்சையாவின் வீட்டில்தான் இருந்தது.

ஆனியில் சாரல் வந்தது. ஊரே குளிக்கக் குற்றாலம் போனது. லாவெண்டர் நின்ற இடத்திலேயே குளித்தது. முதல் கன்று கறுத்ததும், குளிர்ச்சி போதவில்லை என்று கண்டுபிடித்து, இன்னும் தண்ணீர் விடச் சொன்னார் வல்லிநாயகம். இறைத்தவள் முத்துவடிவு. ஆடி முடிவதற்குள் பன்னிரண்டும் அழுகிப்போயின. நொச்சிக்கட்டை மட்டும் யாரையும் கேட்காமல் துளிர்த்து, இடுப்புயரம் வளர்ந்து, ஆவணியில் ஊதாக் கதிர் விட்டது. வெட்டிப் போட்ட கிளையின் காய்ந்த இலையை வைத்து அதுவரை ஒப்பேற்றிய முத்துவடிவு, புது இலை கொஞ்சம் முற்றட்டும் என்று நாள் பார்த்துக் காத்திருந்தாள்.

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. சீசனுக்குச் சென்னையிலிருந்து வந்து குற்றாலத்தில் தங்கியிருந்த ஜட்ஜ் அம்மாள். லாவெண்டர் பார்க்க வரும்படி சித்திரையிலேயே கடிதம் போட்டிருந்த வல்லிநாயகம், அதை மறந்தே போயிருந்தார். அம்மாள் நேரே கிணற்றடிக்குப் போய், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

“லாவெண்டரேதான்! எங்க கிளப்பில சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, மிஸ்டர் வல்லிநாயகம்!”

‘நொச்சி’ என்று சொல்ல அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. “ரொம்பச் சிரமப்பட்டுத்தாம்மா வளர்த்தேன்” என்றார்.

“அடுத்த சீசனுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வரேன்.”

மறுநாளே செடியைச் சுற்றி முள்வேலி ஏறியது. தகரப் பலகையில் ‘லாவெண்டர். தொடாதீர்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள். சாயங்காலம் முத்துவடிவு சுவரைப் பிடித்துப் பிடித்து வேலிவரை வந்தாள்.

“ரெண்டு கொத்து ஒடிச்சுத் தாங்க. வெந்நி கொதிக்குது.”

“லாவெண்டரப் போயி யாராவது வெந்நியில போடுவாங்களாட்டி?”

“அது நொச்சில்லா?”

“மெதுவாப் பேசு. தெருவுல ஆள் போகுது.”

அதற்குமேல் பேச அவளுக்கு நேரமில்லை. சிற்றாற்றங்கரையில் நொச்சி கேட்பாரற்றுக் கிடந்தது, முக்கால் மைல் தூரத்தில். பொழுது சாயுமுன் போய்த் திரும்ப வேண்டும். அந்த வருஷம் முழுக்க அந்தக் காலோடு போய்த் திரும்பினாள்.

அடுத்த சீசனுக்கு ஜட்ஜ் அம்மாள் ஊட்டிக்குப் போய்விட்டாள்.