ஐம்பத்து மூன்று மணி

வருகிற மார்ச்சோடு ஜெனிதாவுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் எடுப்பதில்லை என்று, அயர்லாந்துக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆங்கிலத் தேர்வில், பேச்சுப் பகுதியில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இது மூன்றாவது. இதை விட்டால் வேறு வழி கிடையாது.

"எதைக் கேட்டாலும் குட், வெரி குட்னே சொல்றீங்க சிஸ்டர்," என்றார் தி.நகரில் பயிற்சி வகுப்பு நடத்தும் பிரபாகர். "பெரிய வார்த்தையாப் போடுங்க. அப்பதான் மார்க்கு." கையில் ஒரு பட்டியலையும் திணித்தார்.

பட்டியல் தலையில் ஏறினால்தானே? டூட்டி முடிந்து சாந்தோமுக்குத் திரும்பும் பஸ்ஸில் தூக்கம்தான் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யோசனையா அது, வினை! சின்ன வயதிலிருந்து ஒரு நாள் தவறாமல் உருட்டும் ஜெபமாலை கையிலேயே இருக்கிறது. 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் சின்ன மணிகள் ஐம்பத்து மூன்று. மணிக்கு ஒரு வார்த்தை என்று ஏற்றிவிட்டால் மறக்குமா என்ன? முதல் மணி மெட்டிகுலஸ். அடுத்தது ரெசிலியன்ட். அதற்கடுத்தது அப்ரிஹென்சிவ். பெரிய மணிகளை மட்டும் ஆண்டவருக்குப் பயந்து விட்டுவைத்தாள்.

ஒரே மாதத்தில் ஐம்பத்து மூன்றும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. விரல் நகர்ந்தால் வார்த்தை வந்தது. அவள் அம்மா ஜெசிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்நேரமும் மணி உருட்டிக்கினே கீது எம் பொண்ணு. இன்னா பக்தி தெரியுமா?" என்று மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஜெனிதா திருத்தவில்லை.

தேர்வு மையத்து வாசலில் பை, போன், வாட்ச் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். காவலுக்கு நின்றவர் அவள் கையைப் பார்த்தார்.

"அதையும் வச்சிருங்க மேடம்."

"ஜெபமாலைங்க இது."

"எதுவும் உள்ள போவக் கூடாது மேடம்."

உள்ளே கேட்ட கேள்வியோ சுலபமானது. நீங்கள் கவனித்துக்கொண்ட ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருட நர்ஸுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போன வாரம்தான் ஒரு கிழவர், மகன் வருவான் வருவான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்து, மகன் வராமலே போய்ச் சேர்ந்தார். பழைய ஓட்டை இங்கிலீஷில்கூட அவரைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொல்லியிருப்பாள். இப்போதோ அவருக்குப் பொருத்தமான பெரிய வார்த்தையைத் தேடினாள். அது முப்பதாவது மணிக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது. முதல் மணியிலிருந்து வந்தால்தான் அங்கே போக முடியும். மேசைக்கு அடியில் கட்டைவிரல் வெறும் விரலைத் தேய்த்தது. எட்டாவது வார்த்தையில் தொடர்ச்சி அறுந்து போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கொடுத்த நேரமெல்லாம் இப்படியே போக, கடைசியில், "ஹி வாஸ் எ வெரி குட் பேஷன்ட்," என்றாள்.

கேள்வி கேட்ட பெண் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு குறித்துக்கொண்டாள்.

முடிவு வந்தபோது, முதல் இரண்டு தடவையைவிடக் குறைந்த மார்க். ஏஜென்சிக்காரர், "உங்க ஃபைலை க்ளோஸ் பண்ணிட்டோம்மா," என்று போனை வைத்துவிட்டார். ஜெனிதா பஸ் நிறுத்தத்தில் ஊர் பார்க்க அழுதாள்.

சாயங்காலம் ஜெசிந்தா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "வுடு கண்ணு. மாதா கைவுட மாட்டாங்க. வா, நீயே ஆரம்பி, நான் பதில் சொல்றேன்."

ஜெனிதாவுக்கும் அது வேண்டியிருந்தது. இனி அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். முழங்காலிட்டு, முதல் மணியைப் பிடித்தாள். மெட்டிகுலஸ் என்றது நாக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த மணிக்குப் போனாள். ரெசிலியன்ட்.

"இன்னாடி, வாயத் தொற," என்றாள் அம்மா.

"நீயே சொல்லும்மா." மாலையை அம்மா கையில் வைத்தாள்.

ஜெசிந்தா கண்ணை மூடி ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லி, மகள் பதில் சொல்வதற்காக நிறுத்தினாள். ஜெனிதாவின் விரல்கள் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அந்த மறுபாதியும் வரவில்லை.