முப்பத்தைந்து மில்லிமீட்டர்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் ‘மில்லி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம் அது. வேறெதையாவது நினைத்துக்கொண்டு யாரும் சிரிக்க வேண்டாம், மனிதர் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை.

மோட்டார் சைக்கிளின் முன்பக்க ஷாக் வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டுவார். ஓட்டுகிறவரை ஏறி உட்காரச் சொல்லி, முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேலால் அளப்பார். முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்றால் சரி. அதிகம் அமுங்கினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைக் குத்தும். குறைந்தால் டயர் தரையைக் கவ்வாது, பிரேக் செத்துக் கிடக்கும். ஃபோர்க்கின் தலையில் இருக்கும் திருகை இறுக்கியோ தளர்த்தியோ முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அளவையும் தேதியையும் கடைச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார்.

அவருடைய தங்கை தையல் கடை வைத்திருந்தாள். அவள் கணவருக்கு வண்டியில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. எண்பத்திரண்டு கிலோ, பாறை மாதிரி உடம்பு. ஒரு நாள் கடைக்கு வந்தார்.

“மச்சான், பிரேக் பிடிச்சா முன்னாடி இறங்கவே மாட்டேங்குது.”

அளந்தால் முப்பத்திரண்டு. “ஆயில் கெட்டியாயிருக்கும் மாப்பிள்ளை” என்று சொல்லி ஆயிலை மாற்றி, திருகைத் தளர்த்தி, முப்பத்தைந்து வைத்து அனுப்பினார் மில்லி. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். முப்பத்தொன்று. இந்தத் தடவை பழி ஆயில் சீல் மேல் விழுந்தது. அதற்கும் ஐந்து மாதம் கழித்து, மூன்றாவது தடவை, முப்பது. கூடவே, பிரேக் லீவரை அழுத்தக் கையில் பலம் பத்தவில்லை என்றார். “வயசாகுது உங்களுக்கு” என்று கேலி பேசிக்கொண்டே லீவரைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் மில்லி. திருகையும் தளர்த்தினார். முப்பத்தைந்து.

ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளருமே தவிர இறுகாது. இது அவருக்குத் தெரியாதா? யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் ‘உங்க எடை என்ன?’ என்றுதான் முதலில் கேட்பார். வீட்டு மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்கவில்லை. பழைய எண்பத்திரண்டே மனதில் உட்கார்ந்திருந்தது. கண் இருந்த இடத்தில்தான் இருந்தது, புத்திதான் புல் மேயப் போயிருந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரத்தில் மாப்பிள்ளை மாடிப்படியில் மயங்கி விழுந்தார். வயிற்றில் கட்டி என்றார்கள்.

“எடை எப்போலேர்ந்து குறையுது?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒரு ரெண்டு மாசமா இருக்கும்” என்றாள் தங்கை.

மில்லி கதவோரம் நின்றிருந்தார். சுவரில் எழுதிய மூன்று தேதியும் தொண்டை வரை வந்தன. வாயைத் திறக்கவில்லை.

“ஆறு மாசம் முன்னாடியே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். இப்போ வலி தெரியாம பார்த்துக்கத்தான் முடியும்” என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்து, தங்கை அதே வண்டியில் கடை வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்கு இப்போது அவள்தான் ஓட்டிப் போய்வந்தாள்.

“பிரேக் பிடிச்சா வண்டி முன்னாடி குப்புன்னு குத்துது அண்ணா. பயமா இருக்கு.”

உட்காரச் சொன்னார். வளையத்தை மேலே தள்ளி அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். வீட்டில் அவளுக்குத் துரும்பு என்றுதான் பெயர்.

“எவ்வளவு?”

“நாப்பது.”

“அவருக்கு எவ்வளவு இருந்துச்சு?”

ஆயில் இளகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் பொய் தயாராகத்தான் இருந்தது.

“திருகு இதே இடத்துல இருந்தப்போ முப்பத்தஞ்சு” என்றார்.

“அப்போ அவரு என்னை விடக் குறைஞ்சு போயிட்டாரா?”

மில்லி சுவரைக் காட்டினார். “எட்டு மாசமாக் குறைஞ்சுட்டே வந்திருக்காரு, பாப்பா. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சரி பண்ணி அனுப்பினேனே தவிர, மனுஷனைப் பார்க்கலை. டாக்டர் கேட்டப்பவும் ஊமையா நின்னேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு.”

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் வண்டியை விட்டு இறங்காமலே அந்த மூன்று வரிகளையும் படித்தாள்.

“ரெண்டு மாசம்னு நான்தானே சொன்னேன்” என்றாள். “அவர் பேன்ட்டை எல்லாம் நானே இடுப்புல பிடிச்சுத் தச்சேன், அண்ணா. மூணு தடவை. முதல் தடவை, நீ ஆயில் மாத்தினியே, அந்த வாரம்தான். துணி நெகிழ்ந்து போச்சுன்னு நினைச்சேன்.”

மில்லி ஸ்பேனரை எடுத்து, அவளுக்காகத் திருகை இறுக்கினார். முப்பத்தைந்து வந்தது. சுவரில் எழுதக் கை எழவில்லை.