எதிர்வீட்டுச் சாவி

“இது எந்த வீட்டுச் சாவி?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

பச்சை நூல் சுற்றிய சாவி. சுற்றியவளே நான்தான். கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடலாம்.

“எதிர்வீட்டுச் சாவிங்க.”

அரசு வக்கீல் தலை குனிந்துகொண்டார். அவருடைய கோட்டில் கை ஒரு அங்குலம் நீளம். மடித்து ஊசி குத்திவிட வேண்டும்போல இருந்தது. முப்பது வருஷம் தையல் மெஷினில் ஊராருடைய துணியைப் பிடித்தும் விட்டும் கொடுத்த கண் எங்கே நின்றாலும் அதைத்தான் பார்க்கிறது. ஆனால் என் இடது கைக்கு இப்போது ஊசி நிற்பதில்லை.

மூன்றாவது பெஞ்சில் எதிர்வீட்டுக்காரி, ஆஸ்பத்திரி ஆயா உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். குற்றவாளிக் கூண்டில் அவள் மகன். அவள் என்னோடு பேசிப் பதினோரு மாதம் ஆயிற்று.

சாவி மாற்றிக்கொண்ட நாளில் பேச்சுக்குக் குறைவே இல்லை. இரண்டு பேரும் தனிக்கட்டைகள். அவளுக்குப் புருஷன் விட்டுப் போனவன், எனக்கு வராமலே போனவன். அவள் மகனும் வேலை தேடி ஊர் ஊராகச் சுற்றி, எப்போதாவதுதான் வருவான்; வந்தால் என்னைப் ‘பெரியம்மா’ என்பான். “அக்கா, நான் உள்ளயே செத்துக் கிடந்தா, நாத்தம் வர்றதுக்குள்ள நீதான் திறக்கணும்” என்று சொல்லித்தான் கொடுத்தாள். “வயசுல மூத்தவ நானிருக்க, உனக்கென்னடி அவசரம்?” என்று என்னுடையதைக் கொடுத்தேன்.

மாடிப்படி விளக்கு எரியாத ஒரு மாலையில், முகத்தைத் துணியால் மூடிய ஒருவன் என் கையிலிருந்த இரண்டு வளையலையும் பிடித்து இழுத்தான். அம்மாவின் வளையல்கள், லேசில் கழலாது. முறுக்கினான். வளையல் வந்தது, எலும்பும் போனது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் குரலாவது தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். மூன்று வருஷத்தில் இரண்டு தடவை அவர் பேண்டுக்கு இடுப்பு விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

“எதிர்வீட்டுப் பையன் வந்திருக்கானாமே, அவன் மேலதான் சந்தேகம். சாவி உங்ககிட்ட இருக்காமே?”

“அவ வேலைக்குப் போயிருக்கா. வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“அதுக்குள்ள அவன் வித்துத் தின்னுட்டா? உத்தரவு வாங்கிட்டு வரணும்னா நாளைக்கு ஆயிடும்.”

மாவுக்கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் திறக்க வரவில்லை. அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருக வேண்டும், அது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தோளால் முட்டித் தூக்கி, நானே திறந்தேன். உள்ளே சமையல் மேடையில் என் பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கை உடைந்த நாளிலிருந்து அவள் வேலை முடிந்து வந்து எனக்குப் பால் காய்ச்சி ஊற்றித் தருகிற பிளாஸ்க். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பையனுடைய பழைய ஷூவுக்குள்ளிருந்து வளையல்களை எடுத்தார்கள்.

போலீஸ் எழுதிய காகிதத்தில், அவள் வீட்டில் இருந்ததாகவும் அவளே சம்மதித்துத் திறந்துவிட்டதாகவும் இருந்தது. அன்று பார்த்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறந்திருக்கிறாள். வீட்டில் இல்லை என்று அவள் சொன்னால், பெற்றவள் வேறென்ன சொல்வாள் என்பார்கள். மிச்சம் நான் ஒருத்தி.

சாட்சி சொல்ல வந்த காலையில் கோர்ட் வராந்தாவில் இன்ஸ்பெக்டர் சொன்னார்: “அவ இருந்தான்னு சொல்லுங்க, போதும். ஒரே ஒரு வரி.”

“அவ இல்லையே சார்.”

“அப்ப உங்க கை சும்மாவா உடைஞ்சுது?”

அந்தக் கேள்வியோடுதான் சாட்சிக் கூண்டேறினேன்.

“கதவைத் திறந்தது யாரு?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

மேலே மின்விசிறி கறகறத்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் நீதிபதி.

“நான்தாங்க.”

“வீட்டுக்காரம்மா?”

“வேலைக்குப் போயிருந்தா.”

“தேடறதுக்கு உத்தரவு ஏதாவது காட்டினாங்களா?”

“ஒரு காகிதத்தையும் நான் பாக்கலைங்க.”

“அடுத்தவங்க வீட்டைத் திறக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?”

“அவதாங்க. உள்ள செத்துக் கிடந்தா திறக்கறதுக்குக் குடுத்திருந்தா.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு. தேடுதல் சட்டப்படி நடக்கவில்லை, சம்மதம் என்று எழுதியதும் பொய், அப்படிக் கிடைத்த பொருளை நம்பித் தண்டிக்க முடியாது, வேறு சாட்சியும் இல்லை, விடுதலை. “உங்க வாயே உங்க கேஸைக் கெடுத்துருச்சு” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் படியிறங்கினார். கெடுத்தது என் வாயா, அவருடைய அவசரமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் தோளால் கதவைத் தூக்கியவள் நானாயிற்றே.

பையன் என்னைத் தாண்டிப் போகும்போது “பெரிய…” என்று வாயெடுத்தான். பார்வை என் மணிக்கட்டில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டான். அந்த அரைச் சொல்தான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு. அன்றே ஊரை விட்டுப் போய்விட்டான்.

வேறு யாரும் உரிமை கேட்காததால் வளையல்கள் எனக்கே வந்தன. புடைத்த எலும்பைத் தாண்டி ஏறவில்லை. பித்தான் டப்பாவில் கிடக்கின்றன. பச்சை நூல் சாவியையும் கொடுத்தார்கள், ஆனால் எதிர்வீட்டில் பூட்டை மாற்றியாகிவிட்டது. ஆணியில் அது சும்மா தொங்குகிறது.

என் சாவியை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

அதனால் நான் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. ஆறு மணிக்குப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிடுவேன். நான்கு எட்டில் தன் கதவுக்குப் போய்விடுவாள். இன்று இரண்டு எட்டுதான் கேட்டது. சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கியது. பிறகு சத்தமே இல்லை. கதவுக்குக் கீழே இரண்டு பாதங்களின் நிழல். நான் நாற்காலியை விட்டு எழாமல், உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.