அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம்

மாலை ஆறு மணி ஆனால் அந்த அலுவலகத்தில் விளக்கு அணைந்துவிடும். அணைப்பவள் தரப் பிரிவின் தலைவி. தூக்கம் கெட்ட கண் பிழையைப் பிடிக்காது, புதிதாக இரண்டைப் பெற்றுப் போடும் என்பது அவள் கட்சி. ஆறு மணிக்கு மேல் யார் யாருக்கு மெயில் அனுப்பினாலும் மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேரும்படி ஒரு பூட்டும் போட்டிருந்தாள். தனக்கும் சேர்த்துத்தான். ஆறே மாதத்தில் பிழைகள் பாதியாகக் குறைந்தன. ஆட்கள் தங்கள் பிள்ளைகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தார்கள். எல்லோரும் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் ரகசியமாகப் பெருமை. பெருமைப்படட்டும், பாவம். இன்னும் ஒரே ஒரு ராத்திரிதான்.

வழிக்கு வராதவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் அவர் பெயர் ‘சைலன்சர்’. ஆஸ்பத்திரி மென்பொருள் அவர் பொறுப்பு. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காலை ஆறு மணிக்கு வார்டுகளுக்கு அனுப்பிவைக்கும் மென்பொருள் அது. ஏழு வருடத்தில் ஒரு புகார் கிடையாது. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் நிற்கும் கேடயம் அதற்காகக் கிடைத்ததுதான். அதே ஏழு வருடத்தில் அவர் தாயார் இறந்த ஒரு நாளைத் தவிர லீவே எடுத்ததில்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க அங்கே இருந்த இத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பத்து நாள் லீவு. லேப்டாப்பைக் குடுங்க” என்றாள் கடிகாரம், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது.

“மேடம், காலையில மட்டும் ஒரு தடவை...”

“அரைத் தடவைகூடக் கிடையாது. வீட்டுல பொண்டாட்டி, பொண்ணு இருக்காங்களே, ஞாபகம் இருக்கா?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவள் லேப்டாப்பைத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சரியான வேலைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே லிஃப்ட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு, அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கும்போது ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

“மேடம், இங்க எண்பத்திரெண்டு வயசுத் தாத்தா ஒருத்தர் முழுகாம இருக்கார்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது.”

கடிகாரத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

“நாங்களும் முதல்ல சிரிச்சோம். அப்புறம்தான் பாத்தோம். எமர்ஜென்சி வார்டுல தாத்தாவுக்கு ஃபேன் காத்து ஒத்துக்கலன்னு ராத்திரி அவரையும் கல்யாணமான ஒரு பொண்ணையும் கட்டில் மாத்திப் போட்டோம். அந்தப் பொண்ணோட ரிசல்ட் தாத்தாவுக்கு வந்திருக்கு. தாத்தாவோட சர்க்கரை நானூத்திச் சொச்சம் அந்தப் பொண்ணு பேருக்கு வந்திருக்கு. இன்சுலினை ஊசியில ஏத்தியாச்சு மேடம். கையைத் துடைச்சாச்சு. பக்கத்துல சிரிக்கற சத்தம் கேட்டு ஏன்னு திரும்பிப் பாத்ததாலதான் போடல.”

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சர்க்கரையே இல்லாத, வயிற்றில் பிள்ளை இருக்கிற ஒரு பெண்ணின் கைக்கு முன்னால் ஊசி நின்றிருக்கிறது.

ஏழு மணிக்கு அலுவலகத்தில் இருந்தாள். சோதனைப் பிரிவுப் பெண் தலையைக்கூட வாராமல் ஓடி வந்திருந்தாள். முதல் வேலையாக, முடிவுகள் தானாகப் போவதை நிறுத்தினார்கள். இனி ஒவ்வொன்றையும் நர்ஸுகள் ஆய்வகத்தில் போனில் கேட்டு, ஆளைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். உடனடி ஆபத்து நீங்கியது. அதற்குப் பிறகுதான் உண்மையான அதிர்ச்சி ஆரம்பித்தது.

“அக்கா, நேத்து யாரும் எதையும் மாத்தல. இது என்னிக்குமே ஆளைப் பாத்து அனுப்பல. ரத்தம் எடுத்தப்ப எந்தக் கட்டிலோ, அந்தக் கட்டில் நம்பருக்கு அனுப்புது. ராத்திரி யாராவது கட்டில் மாறினா தப்பாத்தான் போகும்.”

“என்னிக்குமேன்னா?”

“முதல் நாள்லேருந்து.”

“அப்ப ஏழு வருஷமா ஏன் தப்பு வரல?”

சோதனைக்காரி திரையை அவள் பக்கம் திருப்பினாள். மென்பொருளுக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவேடு அது. காலை நாலு நாற்பது, சைலன்சர். அதற்கு முந்தின நாள் நாலு நாற்பத்திரண்டு, சைலன்சர். ஞாயிறு, புது வருடம், மழையில் ஊரே மூழ்கிய வாரம், எல்லா நாளும் அதே பெயர். தினமும் கட்டில் மாறியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவாக எடுத்து உரியவர் பெயருக்கு மாற்றியிருக்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு விடியற்காலைக்கு மேல். நேற்று வரை. இன்று அந்த இடம் காலி.

கடிகாரம் ஒரு தேதியைத் தேடினாள். அவர் தாயார் இறந்த நாள். அன்று பூமாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு அவளும் போயிருந்தாள். நாலு முப்பத்தெட்டு, சைலன்சர். அம்மா உள்ளே கிடக்க, இந்த மனுஷன் யாரோ ஒருவரின் கட்டில் நம்பரைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறார்.

போட்டாள் சைலன்சருக்குப் போனை. எடுத்தது அவர் மனைவி. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“தூங்குறார் மேடம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல விடிஞ்சப்புறமும் இவர் தூங்கி நான் பாத்ததில்ல. பொண்ணுகூட வந்து வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா. ராத்திரியெல்லாம் புரண்டார். ‘தலைவிக்கு எல்லாம் எழுதி மெயில் போட்டுட்டேன், அவங்க பாத்துப்பாங்க’ன்னு சொல்லித்தான் கண்ணை மூடினார். எழுப்பட்டுமா?”

எழுப்பச் சொல்லுங்கள் என்று சோதனைக்காரி கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரம் பூட்டிய டிராயரைப் பார்த்தாள்.

“வேண்டாங்க. தூங்கட்டும். அவரா எந்திரிக்கட்டும்.”

மெயிலா? எந்த மெயில்? பெட்டியில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் மணி எட்டு ஐம்பது. தானே போட்ட பூட்டு, தானே காத்திருக்க வேண்டும். ஒன்பதுக்கு வந்து விழுந்தது. போனிலிருந்து அனுப்பியிருந்தார். அனுப்பிய நேரம், நேற்று மாலை ஆறு பத்து.

பணிவான மெயில். விடியற்காலையில் செய்ய வேண்டியதை வரிசையாக, குழந்தைக்குச் சொல்வது போல எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி:

“ஏழு வருடத்துக்கு முன் இந்தப் பிழையை உங்களிடம் சொன்னபோது, ‘இப்போதைக்கு நீங்க கையால பாத்துக்கோங்க, அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம்’ என்றீர்கள். நானும் அப்புறம் நினைவுபடுத்தவில்லை, தவறு என்னுடையதுதான்.”

சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. ஒரு மனுஷனின் ஏழு வருடத் தூக்கத்தை வாரிக்கொண்டு போன வார்த்தை, தண்ணீர் குடிப்பது போல அவள் வாயிலிருந்து வந்து போயிருக்கிறது. இந்த லட்சணத்தில் கேடயம் வேறு.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஏழு வருடமாக ஓடியது மென்பொருள் இல்லை, ஒரு ஆள் என்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சோதனைக்காரி நிமிர்ந்தாள். “எழுதியாச்சுக்கா. சோதிக்க ரெண்டு நாள் ஆகும், அவசரப்பட மாட்டேன். ஆனா எழுத வேண்டியது மொத்தமே பதினோரு வரிதான்.” சொல்லிவிட்டு அவளே முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கடிகாரத்தின் போன் அடித்தது. தூக்கம் கலையாத, பதறிய குரல்.

“மேடம், மெயிலைப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“எத்தனை மணிக்கு?”

காலை ஆறு மணிக்கு முன்னாலேயே என்று ஒரு பொய் சொன்னால் போதும், பத்து நாளும் நிம்மதியாகத் தூங்குவார். அது அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அப்படிச் சுலபமாக வந்த ஒரு பேச்சால்தான் இத்தனையும்.

“ஒன்பது மணிக்கு. என் பூட்டு அதை நிறுத்தி வச்சிடுச்சு. உங்க மேல தப்பே இல்ல. அடுத்த வாரம்னு சொன்னது நான், மறந்தது நான், நேத்து உங்களைப் பேச விடாததும் நான்.”

அவர் மிக மெல்லக் கேட்டார்: “யாருக்காவது ஏதாவது...?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு தாத்தா மட்டும் முழுகாம இருக்கார்.”

சைலன்சர் சிரித்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அழுகையாக மாறிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அவள் போனை வைக்காமல் காதில் பிடித்தபடி நின்றாள்.