மண்டபத்தில் எடுத்த தொண்ணூற்றெட்டு

கல்லூரி விடுமுறையில் எஸ்டேட்டில் எனக்குக் கிடைத்த வேலை, தோட்டத்தைக் கண்முன் பொய்யாகக் காட்டும் வி.ஆர். கண்ணாடியைத் தொழிலாளர்களுக்கு மாட்டிவிட்டு, மிஷினால் தேயிலை வெட்டக் கற்றுக்கொடுப்பது. நான் அதுவரை ஓர் இலைகூட வெட்டியதில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

தேயிலைச் செடி நிரைக்கு இரு பக்கமும் இருவர் வெட்டும் மிஷினைப் பிடித்து நடக்க, பின்னால் ஒருவர் கொழுந்து விழும் பையை இழுத்து வருவார். குணவதி அக்கா ஒன்பது வருடமாகப் பை இழுக்கிறார். மிஷின் பிடிக்கக் கேட்டபோதெல்லாம் பழக்கமில்லை என்றார்கள். இப்போது, வெள்ளிக்கிழமை ஒரு நிரை வெட்டிக் காட்டினால் அந்த வேலை அவருக்கு.

மழை படாத பெரிய இடம் கோவில் மண்டபம்தான். அங்கே பழகினோம். நான்காம் நாள் கண்ணாடி அக்காவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டது.

வெள்ளிக்கிழமை மிஷினை எதிர்ப்பக்கம் பிடித்தவர் பழைய மிஷின்காரர் மகேன் அண்ணன். பத்தடி போனதும் சரிவில் அக்காவின் பூட்ஸ் வழுக்கியது. மிஷின் சாய்ந்து ஒரு செடியை மொட்டையடித்தது.

"தொண்ணூத்தெட்டுன்னியே தம்பி?" என்றார் மானேஜர்.

"கண்ணாடி சொன்னுச்சு சார்."

"அப்ப கண்ணாடியவே வேலைக்கு வெச்சுக்கவா? திங்கக்கெழம கடைசி தடவ."

கண்ணாடியை எடுக்க நானும் அக்காவும் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் அக்கா பூட்ஸைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். நான்கு நாளும் வெறுங்காலில்தான் பழகியிருந்தார். சாமி முன்னால் வேறெப்படி? என் செருப்பும் வெளியேதான் கிடந்தது.

"ஒரு நாள் மட்டும் பூட்ஸோட..." என்றேன்.

"வாயக் கழுவு. கை கத்துக்கிச்சு, காலுக்குத்தான் ஒண்ணும் தெரியல. வா, மேட்டுக்குப் போலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சரிவில், பூட்ஸோடு, மிஷினுக்குப் பதில் ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளையும் பிடித்து நடந்தோம். கண்ணாடி பெட்டியில் கிடந்தது. நான் ஆறு தடவை விழுந்தேன்.

"ஒனக்கு எத்தன மார்க்கு போடட்டும், தம்பி?" அக்கா சிரிக்காமலே கேட்டார்.

திங்களன்று பை இழுக்க ஆள் குறைந்தது. என்னைப் பிடித்துவிட்டார்கள். பாதி நிரையிலேயே பை கனத்து என்னைக் கீழே இழுத்தது. மிஷின் நின்றது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, மெதுவா லா. பின்னால ஆளு வரணும்ல."

மகேன் அண்ணன் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு இருவரும் என் நடைக்கே நடந்தார்கள். நிரை பாய் விரித்தாற்போல் முடிந்தது.

"நாளையிலேருந்து மிஷின் ஒனக்கு," என்றார் மானேஜர்.

அக்கா தலையசைத்துவிட்டு, என் கையிலிருந்த பையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.