விட்டுப்போன ‘வரேன்’

“அது நான் தண்ணி குடிக்கிற டம்ளருங்க. ஊரார் பல்லை ஊறப்போட இந்த வீட்டுல வேற பாத்திரமே இல்லையா?”

“கைக்கு அதுதான் கிடைச்சுது. கழுவிட்டா போச்சு. ஒரு டம்ளருக்கா இந்தக் கத்து கத்தற?”

“பதினோரு வருஷமா கழுவிட்டா போச்சு, கழுவிட்டா போச்சு. இனிமே நீங்களே கழுவிக்கிட்டு இருங்க. நான் போறேன்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மின்வாரியத்தில் மீட்டர் ரீடராக இருந்த அந்த அம்மா வெறுங்காலோடு தெருவில் இறங்கி மேற்கே நடந்தார். மறுநாள் காலையிலிருந்து, அவர் வாசலில் விட்டுப்போன செருப்பு கிடந்த இடத்தில் கிடந்தபடியே தேய ஆரம்பித்தது.

சண்டையை முழுசாகக் கேட்டவர் பின்வீட்டு டெலிபோன் அக்கா ஒருவர்தான். இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. பல்செட் செய்பவரான அந்தக் கணவரின் வாசல் மேலத்தெருவில், அக்காவின் வாசல் கீழத்தெருவில், நடுவில் ஒரே சுவர். அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ஊர்ப் பேச்சையெல்லாம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாற்றிவிட்டவர். ஓய்வு கொடுத்த அன்று காதுக்கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களே தவிர, காதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒட்டுக்கேட்கிறார் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். சுவர் மெல்லிசு, அதற்கு அவர் என்ன செய்வார்?

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வாசற்படியில் நின்று வெறும் ‘போறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. வாய் தவறிச் சொன்னாலும், ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று கேட்டவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை அக்காவின் நாக்கு அவரைக் கேட்காமலே செய்துவிட்டது. “போயிட்டு வரேன்னா சார். அப்புறம் படார்னு ஒரு சத்தம்” என்றார். இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். வரேன் என்று சொன்ன பெண் ஏன் வரவில்லை, அந்தப் படார் எதன் சத்தம் என்ற இரண்டு கேள்வியும் அன்று மாலைக்குள் இரண்டு தெருவுக்கும் பரவிவிட்டன. அவள் போறேன் என்று மட்டும்தான் சொன்னாள், அதனால் போய்க்கொண்டே இருக்கிறாள் என்று கணவர் சொன்னதை யார் நம்புவார்கள்? அக்காவோ முப்பத்தொரு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூடத் தப்பாகக் கேட்டதில்லை.

கணவர் நடந்துகொண்ட விதமும் அப்படி இருந்தது. தினம் காலையில் தெருக்குழாயடியில் உட்கார்ந்து பெண்டாட்டியின் செருப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். முதல் மாதம் அதில் ஒட்டியிருந்தது தார், அப்புறம் களிமண், ஐந்தாம் மாதத்திலிருந்து உப்புப் பொருக்கு. சிவப்பாக ஏதோ வழிந்ததைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், அது செம்மண்தான். ஒரு காலை செருப்பு பனிக்கட்டியாக விறைத்துக் கிடந்தபோது, அதைத் துண்டில் சுற்றி அடுப்போரம் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, அதற்குப்பின் சிலிண்டரை வாசலோடு வைத்துவிட்டுப் போனார். மாதம் ஒருமுறை முனைக்கடைச் செருப்புக்காரரிடம் போய்ச் செருப்புக்குப் புது அடித்தோல் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் இல்லாத பெண்ணுக்கு மாதம் ஒரு அடியா என்று கேட்டவர்களிடம், தேஞ்சிருக்கு, தைக்கிறேன், தேயாததையா தைக்கச் சொல்றீங்க என்று செருப்புக்காரர் திருப்பிக் கேட்டார். ஊர்க் கிழடுகளில் பாதிப்பேர் வாயில் இருந்தது பல்செட்காரர் கட்டிய பல். அதே பல்லை வைத்துக்கொண்டுதான் அவரை மென்றார்கள். மெல்லுவதற்கு வசதியாகத்தான் இருந்தது, வேலை சுத்தம்.

இரண்டாம் வருஷத்தில் சுரண்டும் சத்தம் ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணி வரை, அக்காவின் கூடத்துச் சுவருக்குள் பெருச்சாளி நகம் மாதிரி. பல் அச்சைச் செதுக்கும் சிறு உளியால் சுவரைக் குடைகிறார் என்பது அக்காவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. உடம்பைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறார், இப்போது எடுக்கப் பார்க்கிறார் என்று அக்கா கணக்குப் போட்டார். அன்றிலிருந்து அந்தச் சுவரோரம் கட்டில் போடுவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலண்டரையும் எதிர்ச்சுவருக்கு மாற்றினார். ஒரு வருஷம் பொறுத்தும் சத்தம் நிற்காமல் போகவே, மறுபடியும் காவல் நிலையம் ஏறினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருடைய முன்பல் இரண்டும் பல்செட்காரர் போட்டவை என்பதால் வாயை அதிகம் திறக்காமலே விசாரித்தார். உள்ளறையில் சுவர் ஆள் உயரத்துக்குக் குடையப்பட்டு, அக்கா பக்கம் ஒரு செங்கல் கனம் மட்டும் மிச்சம் இருந்தது. எலும்பு கிடைக்கவில்லை, முடி கிடைக்கவில்லை. செங்கல் தூளைப் பல்செட்காரர் பல் அளவு பொட்டலங்களாக மடித்து அடுக்கியிருந்தார், அவ்வளவுதான். சுவரை எதற்குக் குடைந்தாய் என்று கேட்டதற்கு அவர் மறைக்காமல் சொன்னார்.

“திரும்பி வர அவளால முடியாதுங்க சார். போக மட்டும்தான் முடியும். நேரா மேற்கே போனா எந்தப் பக்கமா வந்து சேருவா? கிழக்கேருந்துதானே. அந்தப் பக்கம் எனக்கு வாசல் இல்ல.”

செருப்புக்காரரையும் வரவழைத்தார்கள். அவர் செருப்பை முகர்ந்து, விரலால் மண்ணைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது கிழக்குப்பக்கச் செங்கல் சூளை மண், எட்டுக் கல் தூரம், நாளை வியாழக்கிழமை ஆள் வந்துவிடும் என்றார். இன்ஸ்பெக்டருக்கு இதையெல்லாம் எந்தத் தாளில் எழுதுவது என்று தெரியவில்லை. வாக்குமூலத்தில் இருப்பது ‘போயிட்டு வரேன்’. அதன்படி அந்த அம்மா மேற்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகையால் பொழுது சாய்வதற்குள் கொத்தனாரை வைத்துச் சுவரை அடைத்துவிட்டு, ஆளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதென்று முடிவானது. பல்செட்காரர் தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர் அடைபட்டால் வியாழக்கிழமை அவள் அதில் முட்டிக்கொண்டு, நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் நடந்துகொண்டே இருப்பாளே என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா தன் வீட்டுக்குள் நின்று, ஒரு செங்கல் கனத்தின் வழியாக இதையெல்லாம் கேட்டார். குரலில் பொய் இருந்தால் அவர் காதுக்குத் தெரியும், தொழில் அப்படி. இல்லை. அப்போதுதான் அவருக்கு அந்தப் பழைய சண்டை முதலிலிருந்து கேட்டது. டம்ளர், கழுவிட்டா போச்சு, நான் போறேன், படார். நடுவில் இன்னொரு வார்த்தை எங்கேயும் இல்லை.

தெருவைச் சுற்றி மேலத்தெருவுக்குப் போக ஆறு நிமிஷம் ஆகும். அக்கா அத்தனை நேரம் காத்திருக்கவில்லை. அம்மிக்குழவியைத் தூக்கிவந்து தன் பக்கத்துச் செங்கல்லை இடித்தார். தூசிக்குள்ளிருந்து அவர் தலை நீண்டபோது கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார்.

“சார், அவ வரேன்னு சொல்லல. அதை நான்தான் சேர்த்தேன். காதுல விழுந்தது போறேன் மட்டும்தான். அதை வெட்டிடுங்க. தம்பி, மூணு வருஷம் உன்னைக் கண்டபடி பேசிட்டேன்.”

“பரவாயில்லக்கா” என்றார் பல்செட்காரர். “இந்தக் கடைசி செங்கல்லுக்கு எப்படி உங்ககிட்ட வந்து நிக்கிறதுன்னுதான் மூணு நாளா கையப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் அந்த ஒரு வார்த்தையை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கும் அதோடு அடிபட்டுப் போனது. அடைக்க வந்த கொத்தனாரே மிச்சச் செங்கல்லையும் எடுத்து ஆள் நுழைய வழி செய்துவிட்டுப் போனார்.

வியாழன் காலை பத்தரை மணிக்கு மீட்டர் ரீடரம்மா கீழத்தெருவில் தெரிந்தார். ஊரில் எந்த வீட்டுக்குப் பின்கதவு எங்கே என்பது தொழில்முறையில் அத்துப்படி என்பதால் எங்கும் முட்டாமல் நேர்கோடாக வந்தார். அவரைத் தூற்றியவர்களும் கணவரைத் தூற்றியவர்களும் சைக்கிளையும் வாளியையும் நகர்த்தி வழிவிட்டார்கள். அக்கா சாப்பாட்டு மேஜையைக் கவிழ்த்துச் சாய்த்துவிட்டு இரண்டு கதவையும் திறந்து பிடித்திருந்தார். நடந்தபடியே, “மீட்டருக்கு முன்னாடி அலமாரி வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றதுக்கா” என்று சொல்லிக்கொண்டு அந்த அம்மா சுவரைத் தாண்டினார்.

அந்தப் பக்கம் மேலத்தெரு வாசல் விரியத் திறந்து கிடந்தது. அக்கா ஓட்டை வழியாகக் கத்தினார்.

“அடப்பாவி, அந்தக் கதவைச் சாத்துடா. அப்படியே வெளிய போயிடுவா.”

“அவ வந்து நிக்கணும்க்கா” என்றார் அவர். “கதவு இடிச்சு நிக்கக் கூடாது.”

வழியை மறிக்காமல் அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அலமாரியில் டம்ளர் துடைத்துக் கவிழ்த்திருந்தது. வாசற்படிக்கு உள்ளே புது அடி போட்ட செருப்பு உள்நோக்கித் திரும்பியிருந்தது. அந்த அம்மா டம்ளரைக் கடந்தார், கட்டிலைக் கடந்தார், செருப்புக்கு ஓரடி இருக்கும்போது கண்ணைத் தாழ்த்தித் தையலைப் பார்த்தார்.

“மாசம் ஒரு நாள் உள்ளங்கால்ல புதுசா ஒரு தோல் வந்த மாதிரி இருக்கும்” என்றார். “பனியில ஒரு நாள் கதகதன்னு இருந்துச்சு. யாருடா இதுன்னு நினைச்சுக்கிட்டே நடந்தேன். நீங்கதானா.” அப்புறம், “வந்துட்டேன்.”

கால் நின்றது. அவர் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அந்த அம்மா குடிப்பதற்கு முன் டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

சுவரை யாரும் அடைக்கவில்லை. தபால்காரருக்கு ஆறு நிமிஷம் மிச்சமானது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகி, பல்லோடு வேறு ஊர் போனார். மண் எதுவென்று சொன்ன மூக்கின்மேல் அக்காவுக்கு மரியாதை உண்டாகி, தேயாத செருப்பையெல்லாம் தைக்கக் கொண்டுபோய், அடுத்த வருஷம் அந்தச் செருப்புக்காரரையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு முனைக்கடை மாடிக்குக் குடிபோனார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனாலும் புறப்படும்போது, சுவர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, ‘போயிட்டு வரேன்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.